ஓசோன் மெஷின் வாங்கலாமா? (கானாடுகாத்தான் வீடு, வௌவால் வாடை, மார்கழிக் காற்று)

வளவு_வீடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் எங்க ஐயா காலத்து வீட்டைத் தங்கும் விடுதியா நடத்திக்கிட்டு வர்றேன். மழை விட்டா இரண்டாம் கட்டு அறைகள்ல பூட்டிக் கிடந்த வாடை. மேல் மச்சுல வௌவால் வேற. வர்ற விருந்தாளிக கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்துறாக. நேத்து ஒருத்தர் வந்து சுவத்துல மாட்டுற பெட்டி ஒண்ணைக் காட்டினார். ஓசோன் மெஷினாம். "மணிக்கு 1 கிராம்"னு அட்டையில போட்டிருக்கு. மார்கழி விடியக்காலைக் காத்து எப்படியோ அப்படியே ரூமுக்குள்ள இருக்கும், கிருமியும் சாகும், வாடையும் போகும்கிறார். ரூமுக்கு ஒண்ணா எடுத்தா விலை குறைச்சுத் தர்றாராம். அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி இங்க ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன். யாராச்சும் வாங்கியிருக்கீகளா?

செக்காலை_ரோடு

தாராளமா வாங்குங்க. மார்கழியில ஓசோன் படலம் பூமிக்குக் கிட்ட இறங்கி வருதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அதுக்குத்தான் நம்ம முன்னோர் அந்த நேரத்துல எழுந்து கோலம் போடணும், பஜனைக்குப் போகணும்னு வச்சாங்க. வெள்ளைக்காரன் இப்பத்தான் மெஷின் கண்டுபிடிச்சிருக்கான். குரூப்ல வந்த பதிவு என்கிட்ட இருக்கு, வேணும்னா போடுறேன்.

பள்ளத்தூர்_ஆச்சி

மெஷினெல்லாம் எதுக்குத் தம்பி. முகப்புக் கதவையும் பின்கட்டுக் கதவையும் நேருக்கு நேர் திறந்து வை. இந்தத் தெருவுல நுழையற காத்து அந்தத் தெருவுல வெளிய போகணும்னுதானே வீட்டையே கட்டினாக. சாயங்காலம் சாம்பிராணி போடு. ஒரு செலவுமில்ல.

லேசர்_மேசை

வளவு அண்ணே, அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

நான் தேவகோட்டைக்காரன். வேலை வேதி இயற்பியல். காத்துல வாயுக்கள் ஒண்ணோட ஒண்ணு எவ்வளவு வேகமா வினைபுரியுதுன்னு லேசர் வச்சு அளக்கிற ஆய்வகத்துல இருக்கேன். ஓசோன் எனக்கு தினசரிப் பழக்கம், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல மார்கழி. மேலே இருக்கிற ஓசோன் படலம் ஏறக்குறைய 15 கிலோமீட்டரிலிருந்து 35 கிலோமீட்டர் உயரத்துக்குள்ள இருக்கு. அது எந்த மாசத்துலயும் காரைக்குடிக்கு இறங்கி வராது. நாம மூச்சு விடுற இடத்துல இருக்கிற ஓசோன் பெரும்பாலும் இங்கேயே, வெயில்ல உண்டாகிறது. வண்டிப் புகை, அடுப்புப் புகையிலிருந்து வர்ற நைட்ரஜன் டை ஆக்சைடை வெயில் உடைக்குது. உதிர்ற ஆக்சிஜன் அணு பக்கத்து ஆக்சிஜன் மூலக்கூறோட சேர்ந்தா ஓசோன். வெயில் இல்லேன்னா இந்த உற்பத்தி நின்னுபோகும். ராத்திரி பூரா இருக்கிற ஓசோனை நைட்ரிக் ஆக்சைடு தின்னும், இலையும் மண்ணும் சுவரும் தின்னும். பனிக்காலத்துல தரையை ஒட்டின காத்து குளிர்ந்து கீழேயே தேங்கிப்போறதால மேலிருந்து புது ஓசோன் கலந்து வரவும் வழியில்ல.

ஆக, தரைமட்டத்துல ஓசோன் மிகக் குறைவா இருக்கிற நேரம் விடியலை ஒட்டித்தான். கூடுதலா இருக்கிறது மத்தியானம் ரெண்டு, மூணு மணிக்கு. மார்கழி விடியக்காலையில ஓசோன் எக்கச்சக்கம்னு சொல்றது உண்மைக்கு நேர் எதிர். அந்த நேரத்துல கூடுதலா இருக்கிறது புகை. தேங்கின காத்துல ஊர் அடுப்புப் புகை அப்படியே படிஞ்சு கிடக்கும்.

ரெண்டாவது, ஓசோன் மூச்சுக்கு நல்லதில்ல. நம்ம நாட்டுத் தரமே, 2009-ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்டது, ஒரு கன மீட்டர் காத்துல 1 மணி நேரச் சராசரி 180 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாதுங்குது. 8 மணி நேரச் சராசரின்னா 100.

மெஷின் கணக்கைச் சாயங்காலம் போடுறேன்.

செக்காலை_ரோடு

அப்ப முன்னோரெல்லாம் விவரம் இல்லாதவங்களா? எதுக்கெடுத்தாலும் நம்ம ஆளுக சொன்னது தப்பு, வெளிநாட்டுக்காரன் சொன்னா சரி.

லேசர்_மேசை

அண்ணே, முன்னோர் ஓசோன்னு ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே. 1839-ல பாசல் நகரத்துல ஷோன்பைன்கிற வேதியியலாளர் தண்ணிக்குள்ள மின்சாரம் செலுத்தினப்ப வந்த வாடையைப் பார்த்துத்தான் இப்படி ஒரு வாயு இருக்குன்னே உலகத்துக்குத் தெரிஞ்சது. அதுக்கப்புறம் ஐரோப்பாவுல கடற்கரை ஊர்க்காரங்க "எங்க ஊர்ல ஓசோன் காத்து, வந்து தங்கி உடம்பைத் தேத்திக்குங்க"ன்னு விளம்பரம் பண்ணி விடுதி நடத்தினாங்க. அவங்க மோந்தது பெரும்பாலும் கடல்பாசி வாடை. ஓசோன் உடம்புக்கு நல்லதுங்கிற பேச்சு அங்கிருந்து கிளம்பினது. நீங்க மரபுன்னு காப்பாத்துறது வெள்ளைக்காரன் லாட்ஜ் விளம்பரத்தை.

விடியக்காலை எழுந்து கோயிலுக்குப் போறதுல எனக்கு எந்தச் சண்டையும் இல்ல. ஊருக்கு வந்தா நானும் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போறவன்தான். அதுக்கு ஓசோன் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

செக்காலை_ரோடு

சரி சரி. அந்தப் பதிவை நான் போடலை.

ஓய்வு_வாத்தியார்

காரைக்குடியில் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன். தம்பி லேசர்_மேசைக்கு ஒரு கேள்வி. ஓசோன் இவ்வளவு, அவ்வளவு என்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத, நூறு கோடியில் ஐம்பது பங்கு இருக்கிற வாயுவை எப்படி எண்ணுகிறீர்கள்? அதற்கு லேசர் வேண்டுமா? இந்த இழையில் பாதிப் பேருக்கு அந்தச் சந்தேகம் இருக்கும், கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

லேசர்_மேசை

சார், ஓசோனை அளக்க லேசர் வேண்டாம். பாதரச விளக்கு போதும். அதோட புறஊதா ஒளியோட அலைநீளம் 254 நானோமீட்டர். அந்த ஒளியை ஓசோன் நல்லா விழுங்கும். ஒரு குழாய் வழியா காத்தை விட்டு, ஓசோன் இருக்கும்போது எவ்வளவு ஒளி மறுமுனைக்கு வருது, ஓசோனை வடிகட்டின பிறகு எவ்வளவு வருதுன்னு மாத்தி மாத்திப் பார்த்தா அளவு கிடைச்சிரும். நகரங்கள்ல இருக்கிற கண்காணிப்பு நிலையங்கள்ல ஓடுறது பெரும்பாலும் இந்த வகைதான். அதுக்கு முந்தின காலத்துல லாஸ் ஏஞ்சலஸ்ல ஹாகன்-ஸ்மிட்ங்கிறவர் வளைச்சு வச்ச ரப்பர் துண்டுல எவ்வளவு நேரத்துல விரிசல் விழுதுன்னு பார்த்து ஓசோனை அளந்தார். 1950-களோட கதை. அந்த ஊர் வண்டி டயரெல்லாம் சீக்கிரமே விரிசல் விட்டுப் போனதுக்குக் காரணமும் அதுதான்.

லேசர் தேவைப்படுறது இன்னொரு ஆளுக்கு. ஓ.எச்., ஹைட்ராக்சில் ரேடிக்கல். ஒரு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், ஜோடி சேராத ஒரு எலக்ட்ரான். வெயில்ல ஓசோன் உடையும்போது துடிப்பா ஒரு ஆக்சிஜன் அணு வெளிய வருது, அது நீராவியில மோதினா ரெண்டு ஓ.எச். பிறக்கும். பகல் நேரத்துல ஒரு கன சென்டிமீட்டர் காத்துல ஏறக்குறைய பத்து லட்சம் ஓ.எச். இருக்கும். பெரிய எண்ணிக்கையாத் தெரியுதா? அதே ஒரு கன சென்டிமீட்டர்ல மொத்த மூலக்கூறு 25-க்குப் பின்னாடி 18 சைபர். கணக்குப் போட்டா 25 லட்சம் கோடிக்கு ஒண்ணு. பிறந்து ஒரு நொடிக்குள்ள எதையாவது தாக்கி மறைஞ்சும் போகும்.

ஆனா மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, பெட்ரோல் ஆவி, மரம் விடுற வாசனை எதுவானாலும் காத்துல எத்தனை நாள் இருக்கும்னு பெரும்பாலும் தீர்மானிக்கிறது இந்த ஓ.எச்.தான். 1971-ல ஹைரம் லெவி இதைக் கணக்குப் போட்டுச் சொன்னார். சொன்னது சுலபம், காத்துல இதை நம்பகமா அளக்க உலகத்துக்கு அதுக்கப்புறம் ரொம்பக் காலம் பிடிச்சது.

ஓய்வு_வாத்தியார்

ஏன் காலம் பிடித்தது என்பதையும் சொல்லுங்கள். அங்கேதான் இயற்பியல் இருக்கும் என்று தோன்றுகிறது.

லேசர்_மேசை

சரியாப் பிடிச்சீங்க சார். எனக்குப் பிடிச்ச கதை இது.

ஓ.எச். மேல 282 நானோமீட்டர் லேசரை அடிச்சா அது கிளர்ந்து, திரும்பி வரும்போது 308 பக்கம் ஒளி விடும். அடிக்கிற ஒளியும் வர்ற ஒளியும் வேற வேற அலைநீளம், அதனால வடிகட்டிப் பிரிச்சிரலாம். காகிதத்துல அழகான திட்டம். காத்துல ஓசோன் இருக்கே! 282-ல ஓசோனும் உடையும். உடைஞ்சு வர்ற ஆக்சிஜன் அணு பக்கத்துல இருக்கிற நீராவியைத் தாக்கி ஓ.எச். பண்ணும். அதே லேசர் துடிப்பு அதையும் சேர்த்து எண்ணிரும். அளக்கிற கருவியே அளக்கிற சரக்கைத் தயாரிச்சுக்கிட்டிருந்தது. ஆரம்பகாலத்துல காத்துல எடுத்த அளவுகள் பல நம்பமுடியாமப் போனதுக்கு இது முக்கியக் காரணம்.

1984-ல அமெரிக்காவுல போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்துல ஹார்டும் ஓ'பிரையனும் அவங்க கூட்டாளிகளும் வேற வழி போட்டாங்க. வெளிக்காத்தை ஊசித்துளை வழியா வெற்றிடப் பெட்டிக்குள்ள உறிஞ்சிட்டா, உள்ளே அழுத்தம் குறைஞ்சு எல்லாமே விலகி விலகி நிக்கும். ஓசோனும் நீராவியும் மோதுறது குறையும். அதைவிட முக்கியம், ஒளி விடப்போற ஓ.எச்.சை இடிச்சு அணைக்க ஆள் இருக்காது, அது நின்னு நிதானமா ஒளிரும். லேசர் சிதறல் முதல்ல அடங்கிரும், நம்ம ஒளிர்வு அப்புறமும் வந்துக்கிட்டிருக்கும். அந்த இடைவெளியில மட்டும் உணர்கருவியைத் திறந்து வச்சா ஒவ்வொரு ஃபோட்டானா (ஒளித்துகளா) எண்ணலாம். அப்புறம் எல்லாரும் 308-லயே அடிக்கிற முறைக்கு மாறினாங்க. 308-ல ஓசோன் விழுங்குறது 282-ஐ விட ரொம்பக் குறைச்சல், தொந்தரவு ஒழிஞ்சது. இன்னைக்கு உலகம் பூரா விமானத்துலயும் காட்டுக்குள்ளயும் ஓடுற கருவிக இந்த வழியில வந்ததுதான்.

இது வெளிக்காத்துல எண்ணுறது. எங்க ஆய்வகத்துல செய்யறது வேற, வேகத்தை அளக்கிறது. கண்ணாடிக் குழாய், சுத்தி உறை, உறைக்குள்ள குளிர்திரவம் ஓடும். குழாய்ல நைட்ரஜன், அதுல துளி ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி. 248 நானோமீட்டர் லேசர் ஒரு அடி அடிச்சதும் பெராக்சைடு நடுவுல உடைஞ்சு ரெண்டு ஓ.எச். குறுக்கே ரெண்டாவது லேசர், சில மைக்ரோ நொடி கழிச்சு. எவ்வளவு ஒளிர்வுன்னு குறிச்சுக்கணும். அடுத்த அடிக்கு இன்னும் கொஞ்சம் தாமதம். இப்படி நொடிக்கு 10 அடி. தாமதம் கூடக்கூட ஒளிர்வு குறையும். நாம கலந்த வாயு கூடுதலா இருந்தா இன்னும் சட்டுனு குறையும். அந்தச் சரிவுல இருந்து வர்றதுதான் வினைவேக மாறிலி, அதாவது ரெண்டும் எவ்வளவு வேகமா வினைபுரியுதுங்கிற எண். (இங்க ஓசோன் கிடையாது, அதனால 282-ஐயே தைரியமா வச்சுக்கலாம்.)

ஒரே ஒரு எண் எடுக்க மாசக்கணக்குல ஆகும். எண் ஒண்ணு மாறினா என்ன ஆகும்னா, 1991-ல வக்ஜியானியும் ஏ.ஆர். ரவிசங்கராவும் ஓ.எச்.சும் மீத்தேனும் வினைபுரியும் வேகத்தைத் திரும்ப அளந்தாங்க. ரவிசங்கரா மைசூர் பல்கலைக்கழகத்துல படிச்சவர், அப்ப அமெரிக்கக் கடல்-வளிமண்டல நிர்வாகத்தோட போல்டர் ஆய்வகத்துல இருந்தார். அதுவரைக்கும் எல்லாரும் வச்சிருந்த எண்ணைவிட வேகம் குறைவுன்னு வந்தது. உடனே காத்துல மீத்தேனோட ஆயுள் ஏறக்குறைய 25 சதவீதம் நீண்டுபோச்சு. வயலும் மாடும் சதுப்பும் வருஷத்துக்கு எவ்வளவு மீத்தேன் விடுதுங்கிற கணக்கு மொத்தமும் திருத்த வேண்டியதாச்சு. இந்த வினை ரொம்ப மெதுவானது. மீத்தேன் சிலிண்டர்ல துளி ஈத்தேன் கலந்திருந்தாலும் எண் கெட்டுரும், ஈத்தேன் ஏறக்குறைய 40 மடங்கு வேகமா ஓ.எச்.சைப் பிடிச்சுக்கும். அதனால லேசரைவிட சிலிண்டர் சுத்தம்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி.

புதுவயல்_மில்

நமக்குப் பாதி புரியலை, ஆனா சுவாரசியமா இருக்கு. எங்க பக்கம் பூரா தைல மரக் காடு. தைல மரம் காத்தைச் சுத்தம் பண்ணும்னு ஒருத்தர், கெடுக்கும்னு ஒருத்தர். எது சரி?

லேசர்_மேசை

நிலத்தடித் தண்ணி விஷயத்தை விட்டுட்டுக் காத்தை மட்டும் சொல்றேன். தைல மரம் ஐசோப்ரீன்கிற ஆவியை அதிகமா விடுற மரம். வெயிலும் சூடும் இருந்தாத்தான் விடும், ராத்திரி நிறுத்திரும். வெளிய வந்த ஐசோப்ரீனை ஓ.எச். ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள தாக்கிரும். சுத்தமான காட்டுக் காத்துல அதனால பெரிய கெடுதல் இல்ல. அதே காத்துல நெடுஞ்சாலை லாரிப் புகையோட நைட்ரஜன் ஆக்சைடுகளும் கலந்தா மத்தியானத்துல ஓசோன் ஏறும். மரம் ஒரு பாதி, நம்ம டீசல் ஒரு பாதி. மரத்தை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்ல.

புதுவயல்_மில்

அப்ப மில்லு பாய்லர்க்காரன் நானும் கூட்டுக்களவாணி.

மெஷின்_டீலர் (புதிய உறுப்பினர்)

இங்கு தவறான தகவல் பரப்பப்படுகிறது. எங்கள் ஓசோன் மெஷின் 100% இயற்கையானது. ரசாயனம் கிடையாது. ஓசோன் பாக்டீரியா, பூஞ்சை, கெட்ட வாடை அனைத்தையும் அழித்து ஆக்சிஜனாக மாறிவிடும். குடிநீர் ஆலைகளில் ஓசோன் பயன்படுத்துகிறார்கள் என்பது இவருக்குத் தெரியாதா? தொடர்புக்கு எண் இணைத்துள்ளேன்.

நெறியாளர்

எண்ணை நீக்கியிருக்கிறேன். விளம்பரம் கூடாது, விவாதம் செய்யலாம்.

லேசர்_மேசை

வாங்க. தண்ணியில ஓசோன் விடுறது நல்ல முறைதான். குடிக்கிறதுக்கு முன்னாடி அது தண்ணியில கரைஞ்சு அழிஞ்சிரும், குழாய்க்குள்ள உட்கார்ந்து யாரும் மூச்சு விடுறதில்ல.

வாக்குக் கொடுத்த கணக்கு. வளவு அண்ணன் வீட்டு ரூம் 12-க்கு 10 அடி, உயரம் 12 அடின்னு வச்சுக்கலாம். ஏறக்குறைய 40 கன மீட்டர். மெஷின் மணிக்கு 1 கிராம், அதாவது 1000 மில்லிகிராம் விடுது. ஓசோன் சுவர்லயும் துணியிலயும் பட்டு அழியும், சந்து வழியா வெளியவும் போகும். தாராளமா மணிக்கு 4 தடவை ரூம் காலியாகுதுன்னே எடுத்துக்கறேன். அப்படியும் உள்ளே நிக்கிற அளவு கன மீட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல, சுமார் 3 பிபிஎம் (பத்து லட்சத்துல 3 பங்கு). நாட்டுத் தரமான 180 மைக்ரோகிராமைப் போல 30 மடங்கு தாண்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் 5 பிபிஎம்மை உடனடி உயிராபத்துன்னு குறிச்சிருக்கு, அந்த எல்லைக்கு ரொம்பத் தூரமில்ல. கலிஃபோர்னியாவுல 50 பிபிபி-க்கு (நூறு கோடியில 50 பங்கு) மேல ஓசோன் விடுற வீட்டுக் காத்துச் சுத்திகரிப்பானை விற்கவே அனுமதியில்ல. 3 பிபிஎம்ங்கிறது 3000 பிபிபி.

சரி, ரூம்ல ஆள் இல்லாதப்ப போடலாமேன்னு அடுத்த கேள்வி வரும். வௌவால் எச்சத்தோட நெடியில முக்கியமானது அமோனியா. ஓசோன் அமோனியாவோட வினைபுரியற வேகம் அளக்கவே சிரமப்படுற அளவு மெதுவு. வாடை போகாது. ஓசோன் நெடி மேல ஏறி நின்னு மூக்கை மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். சுவத்துக்குள்ள ஊறின பூஞ்சைக்கும் அது போய்ச் சேராது.

எதோட வினைபுரியும்? எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைத் தரைத் திரவத்துல இருக்கிற லிமோனீனோட நல்லாவே வினைபுரியும். அந்த வேக மாறிலியும் ஆய்வகத்துல எடுத்த எண்தான். ரூம்ல 100 பிபிபி ஓசோன் இருந்தாலே லிமோனீனோட ஆயுள் அரை மணி நேரம். 3 பிபிஎம்ல ஒரே நிமிஷம். வினையில ஃபார்மால்டிஹைடு வரும், நுண்துகள் வரும். வேடிக்கை என்னன்னா ஓ.எச்.சும் வரும், வெயிலே படாத மூடின ரூம்ல. லிமோனீன்ல ரெண்டு கார்பன் அணுவுக்கு நடுவுல இருக்கிற இரட்டைப் பிணைப்புல ஓசோன் ஏறி உடைக்கும்போது நடுவுல கிரீகி இடைநிலைன்னு ஒரு துண்டு வருது, அது உடைஞ்சுதான் ஓ.எச். வருது. 1949-ல ருடால்ஃப் கிரீகி காகிதத்துல ஊகிச்சு வச்சார். அதோட வினைவேகத்தை நேரா அளந்தது 2012-லதான், அமெரிக்காவுல சாண்டியா ஆய்வகத்தோட லேசர்க் குழுவும் அவங்க கூட்டாளிகளும்.

டீலர் அண்ணன்கிட்ட ஒரே கேள்வி. மெஷின் ஓடுற ரூம்ல ஓசோன் எத்தனை பிபிபின்னு அளந்த சோதனை அறிக்கை இருக்கா? இருந்தா எண்ணை இங்கேயே போடுங்க.

ஓய்வு_வாத்தியார்

அண்ணன் பதில் எழுதும் வரை ஒரு செய்தி. மேலே இருக்கும் ஓசோனுக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1974-ல் மொலினாவும் ரோலண்டும் ஃபிரிட்ஜ் வாயு மேலே போய் ஓசோனை அழிக்கும் என்றார்கள். அடுத்த வருடமே அதே வாயு பூமியைச் சூடேற்றும் விஷயத்தில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஒரு மூலக்கூறுக்குப் பல்லாயிரம் மடங்கு வலுவானது என்று கணக்கிட்டவர் வீ. ராமநாதன். தமிழ்நாட்டில் பிறந்தவர். பொறியியல் படித்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். வளவு_வீடு, அது உங்கள் ஊர் அரண்மனைக்காரர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கியது. படிப்பு முடிந்து ராமநாதன் முதலில் பார்த்த வேலை செகந்திராபாத்தில் ஃபிரிட்ஜ் கம்பெனியில், அந்த வாயு கசியாமல் பார்த்துக்கொள்வது!

வளவு_வீடு

வாத்தியாரையா, அரண்மனைக்கு அடுத்த தெருவுலதான் எங்க வீடு. இது எனக்கே தெரியாது.

தம்பி, கணக்குப் பார்த்து மலைச்சுப் போயிட்டேன். இன்னொண்ணு கேக்கணும். முகப்புல பழைய ரவிவர்மா படங்க மாட்டியிருக்கு. ஆத்தாவோட கண்டாங்கிச் சேலைகளைக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கேன். அந்த மெஷினால அதுக்கு ஏதும் ஆகுமா?

லேசர்_மேசை

ஆகும் அண்ணே. ஓசோன் பல சாயங்களை வெளிற வைக்கும். அருங்காட்சியகக்காரங்க இதுக்காகவே காத்தைக் கரி வடிகட்டி வழியா விடுறாங்க. ஃபிரிட்ஜ் கதவு ரப்பரும் விரிசல் விடும். சேலை எந்தச் சாயம்னு தெரியாம என்ன ஆகும்னு உறுதியா சொல்ல முடியாது, ஆனா என் வீடா இருந்தா அந்தப் பரீட்சை வைக்க மாட்டேன்.

பள்ளத்தூர்_ஆச்சி

நான்தான் அன்னைக்கே சொன்னேனே, சாம்பிராணி போடுன்னு.

லேசர்_மேசை

ஆச்சி, கோவிச்சுக்காதீக. சாம்பிராணிப் புகையும் நுண்துகள்தான். வெள்ளிக்கிழமை கதவைத் திறந்து வச்சுக் கொஞ்சமாப் போடுங்க. பூட்டின ரூம்ல வேண்டாம். ஆனா நீங்க சொன்ன மத்தது, முகப்பையும் பின்கட்டையும் நேராத் திறக்கிறது, அதைவிட நல்ல மெஷினை நான் பார்த்ததில்ல.

வளவு அண்ணே, செய்ய வேண்டியது இது. ராத்திரி வௌவால் இரை தேடப் போனப்புறம் ஓட்டுச் சந்துகளை வலை போட்டு அடைக்கணும், குட்டி போட்டிருக்கிற காலத்துல வேண்டாம். எச்சத்தைக் காய்ஞ்சபடி கூட்டாதீக, தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணி தெளிச்சு, முகக்கவசம் போட்டு அள்ளணும். ஒழுகுற ஓட்டை மாத்தணும், வளவு முற்றத்துத் தண்ணி போற சாக்கடையில அடைப்பு இருக்கான்னு பார்க்கணும். அப்புறம் உள் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிங்க, பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம். ஈரம் வெளிய வர வழி வேணும்.

வளவு_வீடு

தரைக்கு ஆரஞ்சு வாசனைத் திரவம்தான் போடுறோம். ஆத்தங்குடிக் கல்லு பளிச்சுனு இருக்குன்னு வேலை பார்க்கிறவுக கேக்கிறாக. அதையும் நிறுத்தணுமா?

லேசர்_மேசை

மெஷின் இல்லேன்னா பயப்பட வேண்டியதில்ல. வெளிக்காத்து ஓசோன் கொஞ்சம் உள்ளே வரும், அதனால மத்தியானத்துல துடைக்காம காலையிலயே துடைச்சிட்டுக் கதவைத் திறந்து விடுங்க. வாசனை இல்லாத திரவம் கிடைச்சா அதுவே மேல்.

ஓய்வு_வாத்தியார்

டீலர் அண்ணன் இன்னும் எண் போடவில்லை. இருக்கட்டும். தம்பி, ராத்திரியில் ஓ.எச். இல்லை என்றால் வேலை யார் பார்ப்பது?

லேசர்_மேசை

ராத்திரிக்கு நைட்ரேட் ரேடிக்கல் சார். நைட்ரஜன் டை ஆக்சைடும் ஓசோனும் சேர்ந்து பிறக்கிறது. பகல்ல பிறந்தாலும் வெயில்ல சில நொடிதான் தாங்கும். சிவப்பு ஒளி, 662 நானோமீட்டர், நல்லா விழுங்கும். எங்க கூட்டத்துல இதுக்கு வச்சிருக்கிற கருவி ரொம்ப அழகு. எதிரெதிரா ரெண்டு கண்ணாடி, 99.99 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்புறது. நடுவுல ஒரு மீட்டர். உள்ளே ஒரு லேசர் துடிப்பை விட்டுட்டா அது முன்னும் பின்னும் ஓடி மெல்ல மெல்ல அடங்கும், கோயில் மணியை ஒரு தட்டுத் தட்டிட்டு ரீங்காரம் அடங்குறதைக் கேக்கிற மாதிரி. அடங்க 33 மைக்ரோ நொடி. அதுக்குள்ள ஒளி ஓடின தூரம் 10 கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வரைக்கும் நீளமா ஒரு குழாய் வச்சு அளந்தா எவ்வளவு நுணுக்கம் கிடைக்குமோ அது மேசை மேலயே கிடைக்குது. காத்துல உறிஞ்சுற வாயு இருந்தா ரீங்காரம் சீக்கிரம் அடங்கும், எவ்வளவு சீக்கிரம்ங்கிறதுதான் அளவு. 1988-ல ஓ'கீஃபும் டீகனும் துடிப்பு லேசரை வச்சு இந்த முறையைக் காட்டினாங்க. சென்னை ஐ.ஐ.டி. வேதியியல் துறையிலயும் இதை வச்சு வினைவேகம் அளக்கிறாங்க, வெளிநாடு போகணும்னு இல்ல.

ஓய்வு_வாத்தியார்

என்னிடம் டியூஷனுக்கு வரும் பெண் ஒருத்தி, பிளஸ் டூ. சிக்ரியை (காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்கிறாள். இந்த இழையை அவளிடம் காட்டினேன். இதற்கு இயற்பியல் எடுக்க வேண்டுமா, வேதியியலா என்று கேட்கச் சொன்னாள்.

லேசர்_மேசை

எது பிடிக்குதோ அதை எடுக்கச் சொல்லுங்க சார், ரெண்டு வாசல்லயும் ஆள் வர்றாங்க. கணக்கை மட்டும் விடக் கூடாது. முதல் வருஷம் லேசரைத் தொடவே விட மாட்டோம்னும் சொல்லிருங்க. பம்புக்கு எண்ணெய் மாத்துறது, வாயுக் குழாய்ல கசிவு தேடுறது, கண்ணாடியைக் கீறல் விழாம துடைக்கிறது, இதுதான் வேலை. அதுல சலிப்புத் தட்டாத பிள்ளைக நல்லா வரும்.

வளவு_வீடு

மெஷின்காரர் இன்னைக்கு அட்வான்ஸ் கேட்டு வந்தார். சோதனை அறிக்கை கொண்டு வாங்க, அப்புறம் பேசுவோம்னு அனுப்பிட்டேன். ஓடு மாத்த ஆள் சொல்லியிருக்கேன், தை பிறந்ததும் வர்றேன்னிருக்காக. மச்சுக்கு வலை அடிக்க யாராச்சும் நல்ல ஆள் தெரிஞ்சா தனிச்செய்தியில சொல்லுங்க.

புதுவயல்_மில்

எங்க மில்லுக்குப் புறாவுக்கு வலை அடிச்ச ஆள் இருக்காப்ல. எண் அனுப்பிட்டேன், பாருங்க.